படகு மாதிரி ஒரு பிறை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு டியூஷன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். ஐந்தாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிறவர்கள், பெரும்பாலும் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். ஒரு மாசி மாதம் நிலா பாடம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் பிறையை நோட்டில் வரையச் சொன்னேன்.

"அக்கா, இவ பிறைய படுக்கப் போட்டிருக்கா. தப்புதானே?" என்றான் ஒரு பையன்.

ஆறாவது படிக்கும் அந்தப் பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு முனையும் மேலே தூக்கி, வயிறு கீழே இறங்கி, அப்படியே ஒரு படகு. சுவரில் நான் ஒட்டியிருந்த சார்ட்டில் பிறை நெட்டுக்குத்தலாக நின்றது. மற்ற எல்லாப் பிள்ளைகளும் சார்ட்டைப் பார்த்து அப்படியே வரைந்திருந்தார்கள். இவள் மட்டும், "நேத்து பாத்தேன்க்கா. எங்கப்பா போட்டு மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

அழித்துவிட்டு மறுபடி வரையச் சொல்ல வாய் வந்துவிட்டது. நல்லவேளை, சூரியன் மறைய அரை மணி நேரம்தான் இருந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று எல்லோரும் காத்திருந்தோம். மேற்கே தென்னை மரங்களுக்கும் செல்போன் டவருக்கும் மேலே வானம் சிவந்து, சாம்பல் பூத்து, அப்புறம் பிறை தெரிந்தது. படகுதான். துளி சாய்வுகூட இல்லாமல், காற்றில்லாத நாளில் கழிமுகத்தில் கட்டிப்போட்ட படகு மாதிரி கிடந்தது.

நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. இத்தனை வருஷம் அந்தப் பிறையைப் பார்த்திருக்கிறேன். சார்ட்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பதினொரு வயதுப் பெண் வேண்டியிருந்தது.

காரணம் எளிது. நிலாவின் வெளிச்சப் பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையைப் பார்க்கும். கடலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரிக்கும் சற்றுக் குறைவான தூரத்தில்தான் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக இறங்கும். அதன் பின்னாலேயே இறங்குகிற பிறை, சூரியன் மறைந்த இடத்துக்கு நேர் மேலே நிற்கும். சூரியன் அடியில் இருப்பதால் வெளிச்சமும் அடியில் விழுகிறது. படகு வந்துவிட்டது. லண்டன் மாதிரி 51 டிகிரி வடக்கே இருக்கும் ஊரில் சூரியன் சறுக்குமரத்தில் இறங்குவதுபோலச் சாய்வாக இறங்கும். அங்கே பிறைக்குச் சூரியன் பக்கவாட்டில் அமைவதால், பிறை எழுந்து நிற்கிறது. நம் ஊரில் தை முதல் சித்திரை வரை சாயங்காலப் பிறை நன்றாகப் படுத்திருக்கும். ஆவணி, புரட்டாசியில் கொஞ்சம் சாயும்.

ஆக, என் சார்ட்டில் இருந்தது வேறு யாரோ, எங்கேயோ நின்று பார்த்த நிலா. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. தலைக்கு மேலே இருக்கிற ஒன்றைப் பற்றிய பாடத்தில், நிமிர்ந்து பார்த்த பிள்ளை தப்பு, குனிந்து பார்த்து வரைந்த பிள்ளை சரி என்று ஆகிவிடுகிறது. அன்றிலிருந்து நிலா பாடத்தை எங்கள் கரையிலிருந்து தெரிகிற நிலாவை வைத்துத்தான் நடத்துகிறேன்.

கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி. எங்களுக்கு அடிவானம் சுத்தமாக இருக்கிறது. சில்வர் பீச்சில் நின்றால் கிழக்கே மறைக்க ஒன்றுமே இல்லை. பௌர்ணமியன்று சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும் அதே நேரத்தில் நிலா கடலிலிருந்து ஏறுகிறது. இரண்டும் எதிரெதிர் என்பதைப் பிள்ளைகள் கையை விரித்துக் காட்டியே புரிந்துகொள்வார்கள். ஒரு கை நிலாவுக்கு, ஒரு கை சூரியனுக்கு. நடுவில் நிற்கிற நாம்தான் பூமி. மறுநாள் அதே நேரத்துக்குப் போனால் கடல் இருட்டாக இருக்கும், நிலா வர ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாகும். ஒரு நாளில் அது 13 டிகிரி கிழக்கே நகர்ந்துவிட்டதால் பூமி அவ்வளவு கூடுதலாகச் சுற்றினால்தான் நம் கண்ணுக்கு வரும். ஆனால் வளர்பிறையைப் பார்க்கக் கடலுக்கு முதுகைக் காட்ட வேண்டும். பழைய டவுனிலும் பரங்கிப்பேட்டையிலும் ரம்ஜான் பிறை பார்க்கிறவர்கள் ஊர்ப்பக்கமாகத்தான் திரும்பி நிற்பார்கள். அந்தப் பிறைக் கணக்கில் வருஷம் 354 நாள். அதனால்தான் ரம்ஜான் ஒவ்வொரு வருஷமும் 11 நாள் அளவுக்கு முன்னால் நகர்ந்து வருகிறது.

பிள்ளைகளிடம் மட்டுமல்ல, படித்த பெரியவர்களிடமும் நான் அடிக்கடி கேட்கிற ஒரு தவறு உண்டு. நிலா தேய்வது பூமியின் நிழல் விழுவதால் என்பார்கள். இதைச் சொல்லிப் புரியவைக்கப் பல வருஷம் டார்ச் லைட்டும் எலுமிச்சம்பழமும் வைத்துப் போராடியிருக்கிறேன். இப்போது ஒரு வெள்ளை ரப்பர் பந்து போதும்.

வளர்பிறை அஷ்டமியன்று சாயங்காலம், மேகமில்லாத நாளாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து மணிக்கு வெயில் இன்னும் மாடியில் இருக்கும். பாதி நிலா உச்சிக்குக் கிட்டே வெளிறிப்போய்த் தெரியும். பகலில் நிலா தெரியும் என்பதே சில பிள்ளைகளுக்குச் செய்தி. ஒரு பையனைக் கூப்பிட்டு, பந்தை நிலாவுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். பந்தின் மேல் வெயில் விழுகிறது. மேற்குப் பாதி வெளிச்சம், கிழக்குப் பாதி நிழல். பக்கத்தில் நிலாவிலும் அதே பாதி வெளிச்சம். நடுவில் ஓடுகிற கோட்டின் சாய்வுகூட ஒன்றுதான். "யக்கா, ரெண்டும் ஒண்ணா இருக்கு!" என்று கத்தினான். பந்தை இறக்க மனசில்லாமல் கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டே நின்றான். வரிசை கட்டி எல்லோரும் பார்த்தார்கள்.

அப்புறம் அவர்களை அவர்களுடைய நிழலைப் பார்க்கச் சொன்னேன். நீளமாகக் கடல் பக்கம் விழுந்திருந்தது. "பூமியோட நிழலும் அந்தப் பக்கம்தான் போகும். நிலா எங்க இருக்கு?" எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

நிழல் விழுகிற நாளும் உண்டு, அது கிரகணம். நிலாவின் பாதை பூமியின் பாதையோடு 5 டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நம் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பித்துப் போய்விடுகிறது. 2025 செப்டம்பர் 7 இரவு தப்பவில்லை. 11 மணியிலிருந்து 12.22 வரை நிலா முழுவதுமாக நிழலுக்குள் இருந்தது. அப்போதும் அது கறுப்பாகவில்லை, செம்புக் குடம் மாதிரி சிவந்தது. பூமியைச் சுற்றியிருக்கும் காற்று சூரிய ஒளியை வளைத்து உள்ளே அனுப்புகிறது, நீலம் வழியிலேயே சிதறிவிட, சிவப்பு மட்டும் போய்ச் சேருகிறது. அந்த நேரத்தில் பூமியில் எங்கெல்லாம் சூரியன் உதிக்கிறதோ மறைகிறதோ, அந்த எல்லா ஊர்களின் செவ்வானமும் சேர்ந்துதான் நிலா மேல் விழுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி காலண்டர். கிழிக்கிற தினசரி காலண்டரின் தாளைப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துக் கொண்டுவரச் சொன்னேன். அதில் திதி இருக்கும், நட்சத்திரம் இருக்கும். நல்ல நேரம் பார்ப்பது அவரவர் விருப்பம், அதை நான் வகுப்பில் பேசுவதில்லை. ஆனால் திதி என்பது அளவு. சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலான கோணம் 12 டிகிரி கூடினால் ஒரு திதி. 30 திதி சேர்ந்தால் 360 டிகிரி, ஒரு முழுச் சுற்று. அமாவாசை என்ற சொல்லுக்கே சேர்ந்திருத்தல் என்று பொருள். நட்சத்திரமும் அளவுதான். நிலா வானத்தைச் சுற்றிவர 27.3 நாள் ஆகிறது, அந்தப் பாதையை 27 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயர். இன்று மகம் என்று தாளில் இருந்தால் நிலா மக நட்சத்திரத்தின் பக்கம் நிற்கிறது என்று அர்த்தம். இரவில் மாடிக்குப் போனால் சிம்ம ராசியில் அந்த நட்சத்திரத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மாசி மகத்துக்கு எங்கள் ஊரில் வேறு அறிமுகம் தேவையில்லை. சுற்றுவட்டாரத்து சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும். அன்று கூட்டத்தில் நடக்க முடியாது. மாசியில் சூரியன் கும்பத்தில், அதற்கு நேர் எதிரே சிம்மத்தில் முழு நிலா. அதனால்தான் மாசியில் பௌர்ணமி மகத்தில் வருகிறது.

பிள்ளைகள் மாசி மகத்திலிருந்து தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பினார்கள். காற்றில் பறக்காமல் ஆளுக்கொரு கூழாங்கல். 27 நாள் கழித்து மறுபடி மகம் வந்தது. ஆனால் அன்று பௌர்ணமி இல்லை. "இன்னும் ரெண்டு நாள் இருக்குக்கா" என்றாள் படகுப் பிறை வரைந்தவள். மகம், அடுத்தது பூரம், அதற்கடுத்தது உத்திரம். உத்திரத்தில் பௌர்ணமி. பங்குனி உத்திரம்!

நிலா வானத்தை ஒரு சுற்று சுற்றுவதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிக் கொஞ்ச தூரம் போய்விடுகிறது. சூரியன் இருந்த இடத்தில் இல்லை. அதற்கு எதிரே போய் நிற்க நிலா இன்னும் இரண்டு நாள் ஓட வேண்டும். நிலா சுற்றிவரும் 27.3 நாள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி எப்படி 29.5 நாள் ஆகிறது என்று புத்தகத்தில் ஒரு படம் போட்டிருப்பார்கள். எனக்கு அந்தப் படம் கல்லூரியில்தான் புரிந்தது. இவர்களுக்குத் திருவிழாவிலேயே இருக்கிறது. மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம். நட்சத்திர வரிசையில் எண்ணிப் பாருங்கள்: 6, 8, 10, 12, 14, 16. இரண்டிரண்டாகத் தாவுகிறது. 12 மாதத்துக்கு இரண்டிரண்டாகப் போனால் 24தானே, 27 எப்படி ஆகும் என்று எட்டாவது பையன் ஒருவன் மடக்கினான். அருமையான கேள்வி. வருஷத்தில் மூன்று இடத்தில் மூன்றாகத் தாவ வேண்டும். கார்த்திகை 3, திருவாதிரை 6, அங்கே ஒன்று கிடைத்துவிட்டது. ஒரு வருஷம் ஒருநாள் முன்பின்னாக வரும், ஆனாலும் ஓட்டம் இதுதான். இந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

நிலா எவ்வளவு பெரிசு என்று கேட்டால் பிள்ளைகள் தட்டு அளவு, இட்லி அளவு என்பார்கள். ஒரு பௌர்ணமிக்கு பீச்சுக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு பொட்டலம் பட்டாணி சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். ஒரு பட்டாணியை விரலில் பிடித்து, கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிலாவுக்கு நேரே வைக்கச் சொன்னேன். நிலா காணாமல் போய்விட்டது. கடலிலிருந்து எழும்போது அண்டா மாதிரி தெரிந்ததே, அதுவும் பட்டாணிக்குள் அடங்கிவிட்டது. எட்டு மணிக்கு மேலே ஏறிச் சின்னதாகத் தெரிந்தபோதும் அதே பட்டாணி, அதே அளவு. அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது நம் மூளை செய்கிற வேலை.

தூரத்துக்குக் கால்பந்து. 22 சென்டிமீட்டர் பந்தைப் பூமி என்று மணலில் வைத்தோம். நிலா அதில் கால் பங்குக்குச் சற்று அதிகம், ஒரு டென்னிஸ் பந்து என்று வைத்துக்கொள்ளலாம். எங்கே வைப்பது என்று கேட்டால் எல்லோரும் ஒரு முழத்துக்குள்தான் வைப்பார்கள், எந்தப் படத்திலும் அப்படித்தானே இருக்கிறது. சரியான இடம் 30 கால்பந்து தள்ளி, ஆறரை மீட்டருக்கு அப்பால். டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு ஒரு குட்டிப் பையன் நடந்துகொண்டே இருந்தான், "இன்னுமாக்கா, இன்னுமாக்கா" என்று. நிஜத்தில் அது சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் சூரியனை வைக்க வேண்டுமென்றால் 24 மீட்டர் விட்டமுள்ள உருண்டையை இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும்.

நிலா ஒரே முகத்தைக் காட்டுவதற்குத் திருப்பாதிரிப்புலியூர் கோயில் பிரகாரம் கைகொடுத்தது. சாமி சுற்றும்போது வலது தோள் எப்போதும் சன்னிதிப் பக்கம். சன்னிதிக்கு நம் இடது தோள் தெரிவதே இல்லை. ஆனால் கிழக்கே பார்த்து நடக்கத் தொடங்கி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று முகம் திரும்பி, கிழக்குக்கே வந்துவிடுகிறோம். அதாவது ஒரு சுற்று முடிவதற்குள் நம்மை நாமே ஒரு தடவை சுற்றிக்கொண்டாகிவிட்டது. நிலா சுற்றும் திசை மட்டும் நம் பிரதட்சணத்துக்கு எதிர். மற்றபடி இதே கதைதான். அந்தத் தெரியாத முதுகை மனிதர்கள் முதன்முதலில் பார்த்தது 1959இல், சோவியத் விண்கலம் லூனா 3 அனுப்பிய படத்தில். 2024 ஜூனில் சீனாவின் சாங்இ 6 அங்கிருந்து மண்ணே எடுத்துவந்துவிட்டது.

முன்பக்கத்தில் பாட்டி வடை சுடுகிற கறுப்புத் திட்டுகள் பழைய எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளிகள். வெளுப்பாகத் தெரிகிற மேடுகளில் இருப்பது வேறு வகைக் கல். அந்த வகைக் கல் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. சந்திரயான் 2 சோதனைகளுக்காக அதை அரைத்துத்தான் செயற்கை நிலா மண் செய்தார்கள். உண்மையில் நிலா வெள்ளையே இல்லை. தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 12 பங்கு அளவுதான் அது திருப்பி அனுப்புகிறது, தேய்ந்த தார் ரோடு மாதிரி. சுற்றிலும் கன்னங்கரேலென்று வானம் இருப்பதால் பால் மாதிரி தெரிகிறது.

கடல் ஏறி இறங்குவதைப் பற்றி இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர அதிகம் இல்லை. அவர்களுடைய தாத்தாக்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டுத் தாத்தாவை ஒருநாள் வகுப்புக்கு அழைத்தேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கெடிலத்து முகத்துவாரத்தில் தண்ணி எதுவரைக்கும் ஏறும், அஷ்டமிக்கு எப்படிச் சோம்பிக் கிடக்கும் என்று கையால் காட்டிக்காட்டிச் சொன்னார். நிலாவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுத்தால் ஏற்றம் அதிகம், குறுக்கே நின்று இழுத்தால் குறைவு என்று நான் காரணத்தை மட்டும் சேர்த்தேன். சூரியனின் பங்கு நிலாவினுடையதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. "சூரியனும் இழுக்குதாம்மா?" என்று தாத்தா ஆச்சரியப்பட்டார். எங்கள் கரையில் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டரைத் தாண்டும் என்றதும், "அங்க போட்ட எப்படிக் கட்டுவாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தின் உரசலில் பூமி மெல்ல மெல்ல வேகம் இழக்கிறது, நிலா வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. அப்பல்லோ வீரர்கள் 1969இல் தொடங்கி அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகள்மேல் லேசர் அடித்து, அது போய்த் திரும்பும் இரண்டரை நொடியை அளந்து கண்டுபிடித்த கணக்கு.

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் டியூஷன் நடக்கவில்லை. ஒரு செல்போனைச் சுற்றிப் பத்துத் தலைகள். 6.04க்கு சந்திரயான் 3இன் விக்ரம் கலம் நிலாவின் தரையைத் தொட்டது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்திலிருக்கும் விழுப்புரத்துக்காரர் என்று தெரிந்ததில் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. கைதட்டி முடிந்ததும் எல்லோரையும் நிமிர்ந்து பார்க்கச் சொன்னேன். அன்று வளர்பிறை சப்தமி. பாதிக்குச் சற்றுக் குறைந்த நிலா அங்கேயே இருந்தது. வெளிச்சமும் இருட்டும் பிரிகிற கோடு இருக்கிறதே, அங்கே அப்போது பொழுது விடிந்துகொண்டிருக்கிறது. விக்ரம் இறங்கிய இடம் அந்தக் கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, வெளிச்சப் பக்கத்தில், தென்துருவத்தை ஒட்டி. அங்கே விடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. நிலாவில் ஒரு பகல் நமக்கு 14 நாள். சூரியத் தகடுகள் முழுப் பகலும் வேலை செய்ய வேண்டும் என்றுதான் காலையாகப் பார்த்து இறக்கினார்கள். அந்தப் பகல் முடியப்போகும் செப்டம்பர் தொடக்கத்தில் அதிலிருந்து இறங்கி ஓடிய பிரக்யான் வண்டியையும் விக்ரமையும் தூங்கவைத்தார்கள்.

படகுப் பிறை வரைந்த பெண் இந்த வருஷம் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தாள். "அக்கா, பிறை எப்பவும் ஊருப் பக்கமே தெரியுது. கடலு மேல எப்ப வரும்?"

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால், விடிகாலை நாலரை, ஐந்து மணிக்கு எழுந்திருக்க முடியுமா என்று கேட்டேன். அப்பா கடலுக்குப் போகிற நேரம்தானே, முடியும் என்றாள். ஐப்பசியில் ஒருநாள் அப்பாவோடு கரைக்குப் போயிருக்கிறாள். மாலையில் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கீழே கடல், அதில் அப்பாவின் போட்டு. மேலே அதே மாதிரி இன்னொரு போட்டாகப் பிறை. பிறையின் இரண்டு முனைகளுக்கும் நடுவே பென்சிலால் மெதுவாகத் தேய்த்து, மிச்ச வட்டத்தைச் சாம்பல் நிறமாக்கியிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் சொன்னதில்லை.

"இது லேசா தெரிஞ்சுச்சுக்கா. முழு நிலாவும் உள்ள இருக்கிற மாதிரி. அங்கதான் வெயிலே படலையே, அப்ப இது எந்த வெளிச்சம்?"

"நம்ம வெளிச்சம்" என்றேன். நிலாவில் நின்று பார்த்தால் அப்போது பூமி கிட்டத்தட்டப் பௌர்ணமி. நம் கடலிலும் மேகத்திலும் பட்ட வெயில் அங்கே போய் விழுகிறது.

அவள் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பென்சிலை வாங்கி, கடலிலிருந்து பிறைக்கு ஒரு கோடு இழுத்தாள்.